அம்முகுடா பலராம்

பிச்சாட்டூரில் கோடை வந்தால் ஆரணியாறு வெறும் மணலாகக் கிடக்கும். அந்த மணல்தான் எங்கள் மைதானம். கந்தல் துணியைச் சுருட்டிக் கயிறு சுற்றிய பந்தை நாள் முழுக்க உதைத்துத் திரிவோம். 1962 கோடையில் அந்தக் கந்தல் பந்துக்கு விடுதலை கிடைத்தது. செகந்திராபாத்தில் ரயில்வே வேலையிலிருந்த என் தாய்மாமா, லீவில் வரும்போது நிஜமான தோல் பந்து ஒன்றைக் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்துப் பந்துக்குக் காற்றடிப்பதே ஒரு வேலை. பந்தின் வாயைப் பிரித்து, உள்ளே இருக்கும் ரப்பர் பிளாடரின் குழாயை வெளியே இழுக்க வேண்டும். கடைத்தெரு சைக்கிள் கடையில் பம்பு வாங்கிக் காற்றடித்து, குழாயை மடக்கி நூலால் இறுகச் சுற்றி, உள்ளே அமுக்கி, தோல் வாரை ஒவ்வொரு துளையாகக் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். குழாய் சரியாக அமுங்கவில்லையென்றால் அந்த இடம் புடைத்து நிற்கும். பந்து கோணிக்கொண்டு உருளும். தலையால் முட்டும்போது வார் முடிச்சு பட்டுவிட்டால் நெற்றி தடித்துவிடும். அந்தத் தடிப்போடு பள்ளிக்கூடம் போவதில் எங்களுக்கு ஒரு பெருமை.

வார் கோத்தபடியே மாமா பலராமைப் பற்றிப் பேசுவார். செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாதான் துளசிதாஸ் பலராமின் ஊர். பெற்றோர் தமிழர்கள், சாதாரணக் குடும்பம். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம்தான் அந்தப் பையனைக் கண்டெடுத்தவர். பயிற்சிக்கு வந்துபோகச் சைக்கிள் வாடகைக்கும் அவரே காசு கொடுத்தாராம். இருபது வயதில் பலராம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நின்றார். 1956 அது. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற இந்தியா, அரையிறுதிவரை போய் நான்காம் இடம் பிடித்தது. 1960ல் ரோமில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றபோது இந்தியாவின் அந்த ஒரே கோலை அடித்தவர் பலராம். தோற்ற ஆட்டத்தை மாமா வென்ற ஆட்டம்போலச் சொல்வார். “ஹங்கேரிடா! சும்மாவா?” என்பார்.

எங்களுக்கு அது வெறும் கால்பந்துக் கதையாக இருக்கவில்லை. வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1960ல் எல்லை பிரித்தபோது திருத்தணி மதராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திரத்தில் நின்றோம். பலராமும் தெலுங்கு பேசும் நாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்கால் சட்டை போட்டு, 1961ல் அந்த அணிக்கே தலைவரானார். “நம்ம வீட்டுப் பையன்டா அவன்” என்று மாமா சொல்லும்போது நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

மாமா ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ பத்திரிகையைச் சேர்த்து வைப்பவர். அதில் வந்த செய்திகள் எங்களையும் எட்டும். 1962 ஜூனில் பிரேசில் சிலியில் உலகக் கோப்பையை வென்றது. அடிபட்டு வெளியே உட்கார்ந்த பீலேயின் சுமையையும் காரிஞ்சா சுமந்தார். செப்டம்பரில் நம் முறை வந்தது. ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை வென்று, ஜப்பானை 2-0 என்று வீழ்த்தினார்கள். அதில் ஒரு கோல் பலராமுடையது. செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் எதிரே மறுபடியும் தென்கொரியா. மைதானமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜியும், தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, கோல் கம்பங்களுக்கு நடுவே பீட்டர் தங்கராஜ் காவல் நிற்க, தங்கம் நமக்கு.

அதற்குள் மாமா செகந்திராபாத் திரும்பிவிட்டார். அங்கிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டு, பதினோரு பேரும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்திருந்தார். பலராம் பெயரை மட்டும் மையில் எழுதியிருந்தார். பந்து ஆடும்போதெல்லாம் அந்தக் கார்டை ஆற்று மணலில் போட்டு, பறக்காமல் ஒரு கல்லை வைத்து, அதன்படியே ஆட்களை நிறுத்திப் பார்ப்போம். பலராம் இடத்துக்குத்தான் எப்போதும் சண்டை.

அடுத்த வருஷம் எல்லாம் முடிந்துபோனது. ரஹீம் ஜூன் மாதம் புற்றுநோயில் இறந்தார். நுரையீரல் உபாதையால் பலராமும் ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்தச் சேதியைச் சொன்னபோது மாமாவுக்குக் குரல் கம்மியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கால இந்திய அணியின் சூனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மூவரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். அர்ஜுனா விருது பலராமுக்கு 1962லேயே வந்தது. ஆனால் 1983ல் சூனிக்கும் 1990ல் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோதெல்லாம், பலராம் பெயர் எங்கே என்று மாமா பட்டியலில் தேடுவார். 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தாவில் பலராம் கண்மூடும்வரை அது வரவில்லை. மாமா தேடியது நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன்.