பாம்பு விழுங்காத சூரியன்

ஹைதராபாத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் மல்லாபூரைத் தேடி சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. தொழிற்பேட்டை, சரக்கு லாரிகள், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளர்கள், டீக்கடைகள் என்று வழக்கமான புறநகர்தான். ஆனால் சூரிய கிரகணத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். பக்கத்து நாச்சாரத்தில்தான் என்.டி. ராமராவ் ராமகிருஷ்ணா ஸ்டுடியோவை நிறுவினார். 1977-ல் வெளிவந்த 'தான வீர சூர கர்ணா'வில் சூரியனின் மகனான கர்ணனாகவும், கிருஷ்ணனாகவும், துரியோதனனாகவும் நடித்தவர் அவரே. இன்னொரு பக்கம் ஹப்ஸிகுடாவில் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம். அதைத் தாண்டினால் உஸ்மானியா பல்கலைக்கழகம். புராணத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையே இங்கு சில கிலோமீட்டர் தூரம்தான்.

சூரியன் மறைவதை வைத்துக் கதை சொல்லாத தலைமுறையே இந்த நாட்டில் இருந்ததில்லை. பாரதப் போரில் பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வதாக அர்ஜுனன் சபதம் செய்கிறான். கிருஷ்ணன் வானத்தை இருளச் செய்கிறான். பிழைத்துவிட்டோம் என்று ஜயத்ரதன் தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது அம்பு பாய்கிறது. அசுரர்கள் சூரியனை ஒளித்து வைத்ததையும், கரிய நிறத்தவன் அதை மீட்டு வந்ததையும் புறநானூற்றின் 174-வது பாட்டு குறிப்பிடுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ராகு கதையில், திருட்டுத்தனமாக அமுதம் குடித்த அசுரனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்கின்றன. அவன் தலை வெட்டப்படுகிறது. உடல் இல்லாத தலை எதை விழுங்கினாலும் அது கழுத்து வழியாக வெளியே வந்துதானே ஆக வேண்டும்? கிரகணம் சீக்கிரம் விட்டுவிடுவதற்கும் கதையிலேயே காரணம் இருக்கிறது.

கணக்குப் போட்டவர்கள் இந்தக் கதையைத் தூக்கி எறியவில்லை. கிரகணம் என்பது நிழல் என்று கி.பி. 499-லேயே ஆரியபடர் எழுதிவிட்டார். நிலவின் பாதை சூரியப் பாதைக்குச் சுமார் ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்கு அருகே அமாவாசை நேர்ந்தால்தான் சூரிய கிரகணம். அந்தப் புள்ளிகளுக்கு ராகு, கேது என்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. அசுரனின் பெயர் கணிதச் சொல்லாகிவிட்டது.

இந்தக் கணிதம் எவ்வளவு கூர்மையானது என்பதை ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் நேரில் பார்த்தார். ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் காகிதமோ பேனாவோ தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாய்பாடுகளைக் கொண்டு 1825-ன் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிழை நான்கு நிமிடம். முடியும் நேரத்திலோ ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வாரன் அதே ஆண்டு சென்னையில் வெளியிட்ட 'காலசங்கலித'த்தில் இந்த முறையைப் பதிவு செய்தார். முன்னோர் விட்டுச் சென்ற வாய்பாட்டை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்தினால் பிழை குறையும். திருத்தாமல் விட்டால் அது வளர்ந்துகொண்டே போகும்.

அப்படித் திருத்த வேண்டும் என்று வாதாடியவர் சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1868 ஆகஸ்ட் 18-ன் முழு சூரிய கிரகணத்தைக் காண அவர் தன் குழுவுடன் நிஜாம் ராஜ்ஜியத்துக்கு வந்தார். முகாமிட்டது இன்றைய தெலங்கானாவின் வனபர்த்தியில். மேகங்கள் சதி செய்தன. அதே கிரகணத்தை குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கண்டவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. சூரியனின் விளிம்பில் எழும் தீச்சுடர்களின் நிறமாலையில் அன்று பதிவான மஞ்சள் கோடுதான் ஹீலியம் என்ற தனிமத்துக்கு வழிகாட்டியது. பூமியில் அந்த வாயு பிடிபட்டது 1895-ல்தான்.

ரகுநாதாச்சாரி சோர்ந்துவிடவில்லை. 1874-ல் சூரியனின் முகத்தை வெள்ளி கடக்கப்போகிறது என்றதும், அது என்ன, ஏன் நிகழ்கிறது என்று சாதாரண மக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் எழுதி வெளியிட்டார். பயப்பட வேண்டாம், பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே அந்த முயற்சியின் சாரம். 1880 பிப்ரவரியில் அவர் காலமானார்.

சரியாக நூறாண்டு கழித்து, 1980 பிப்ரவரி 16 அன்று பிற்பகல், கார்வாரிலிருந்து பூரி வரை நாட்டின் குறுக்காக நிலவின் நிழல் ஓடியது. மல்லாபூரிலிருந்து உப்பல், எல்.பி. நகர் வழியாக நாகார்ஜுனசாகர் சாலையில், இப்ராஹிம்பட்டினத்தைத் தாண்டிப் போனால் ஜப்பால்-ரங்காபூர். உஸ்மானியா பல்கலைக்கழகம் 48 அங்குலத் தொலைநோக்கியை நிறுவிய இடம் அது. முழு நிழல் அந்த வானாய்வகத்தின் மீதே விழுந்தது. வானியலார் தொலைநோக்கியைத் தேடி ஊர் ஊராகப் போவது வழக்கம். கிரகணமே தொலைநோக்கியைத் தேடி வருவது அபூர்வம். தெற்கே பாலெம் கிராமத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளும் முகாமிட்டிருந்தார்கள்.

இவ்வளவு பேர் குறிப்பிட்ட கிராமங்களைத் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. சூரியனைச் சுற்றியிருக்கும் வெண்ணிற ஒளிவட்டமான கரோனாவின் பிரகாசம் சூரியனில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 99 சதவிகிதம் மறைந்தாலும் மிச்சமுள்ள ஒரு சதவிகிதம் கரோனாவைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு பிரகாசமானது. முழுமைக்கு ஒரு இழை குறைந்தாலும் அந்தக் காட்சி கிடைக்காது.

ஆனால் அன்று நாட்டின் பெரும்பாலான வீடுகளில் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன. தெருக்கள் வெறிச்சோடின. கண் போய்விடும் என்ற மருத்துவ எச்சரிக்கையும் தீட்டு என்ற பழைய அச்சமும் கைகோத்துக்கொண்டன. எச்சரிக்கையில் உண்மை இருந்தது. தரமான வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் விழித்திரை பொசுங்கும். முழுமையாக மறையும் சில விநாடிகளோ நிமிடங்களோ மட்டும்தான் விதிவிலக்கு. ஆனால் அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனின் பிம்பத்தைச் சுவரில் விழச் செய்ய ஒரு பைசா செலவில்லை. மர இலைகளின் இடுக்கு வழியே தரையில் விழும் நூற்றுக்கணக்கான பிறைகளைப் பார்க்க அட்டைகூட வேண்டாம். 'எப்படிப் பார்ப்பது' என்று சொல்லித் தருவதைவிட 'பார்க்காதே' என்பது சுலபம்.

அச்சம் எப்போதும் தர்ப்பைப் புல்லோடும், தெலுங்கில் ரோகலி என்று சொல்லும் உலக்கையைத் தாம்பாளத்தில் நிமிர்த்தி வைப்பதோடும் நின்றுவிடுவதில்லை. அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 2018 ஜனவரி 31-ன் சந்திர கிரகணத்துக்கு மறுநாள், மல்லாபூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி உப்பலை அடுத்த சிலுகாநகரில், ஒரு வீட்டு மொட்டை மாடியில் பச்சிளம் குழந்தையின் தலை கிடந்தது. நோய் தீர வேண்டி கிரகண இரவில் கொடுக்கப்பட்ட நரபலி என்று கூறி போலீசார் ஒரு தம்பதியைக் கைது செய்தனர். ஆய்வு நிறுவனங்கள் சூழ்ந்த நகரப் பகுதி அது. விஞ்ஞானம் பக்கத்துத் தெருவில் இருப்பது வேறு, வீட்டுக்குள் வருவது வேறு.

அதற்காகக் கதைகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ராகுவின் கழுத்து வழியே சூரியன் வெளியே வருவதைக் கேட்டுச் சிரிக்கும் குழந்தைக்கு, ஒரு பந்தையும் விளக்கையும் வைத்து நிழலைக் காட்டுவது சுலபம். ஜயத்ரதனைக்கூடக் கதை தலை நிமிர்ந்து வானத்தைப் பார்க்கத்தான் வைக்கிறது. ரகுநாதாச்சாரி மக்களின் மொழிகளில் செய்ய முயன்றதும் அதைத்தான்: வானத்தில் நடப்பதை அவரவர் பேச்சில் சொல்வது.

அதற்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. 2031 மே 21 அன்று மதுரை, தேனி பகுதிகளில் கங்கண கிரகணம். கிரகணங்கள் 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை அதே குடும்பத்தில் திரும்பப் பிறக்கின்றன. அந்த எட்டு மணி நேரத்தால் ஒவ்வொரு முறையும் பூமியின் வேறொரு பகுதிக்கு நழுவிப் போகின்றன. மூன்று சுற்றுக்குப் பிறகு மறுபடி ஏறக்குறைய அதே திசைக்கு வருகின்றன. 1980-ல் ஜப்பால்-ரங்காபூர் மீது விழுந்த நிழலின் குடும்பம் 1998-ல் கரீபியன் கடல் பக்கம் போனது, 2016-ல் இந்தோனேசியாவுக்குப் போனது. மூன்றாவது சுற்றில், 2034 மார்ச் 20 அன்று, இந்தியாவுக்குத் திரும்புகிறது. இந்த முறை முழு நிழல் வடக்கே லடாக் பகுதியைத் தொடும். நாட்டின் பெரும்பகுதியில் பகுதி கிரகணம் தெரியும்.

1980-ல் கதவைச் சாத்திக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. ஒரு அட்டையும் ஒரு ஊசியும் போதும்.