ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பேச்சு உண்டு. பேரும் புகழும் பெற்றவர்களின் குடும்பப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. வசதி வந்தால் வம்சம் தேயும் என்று. ஃபிரான்சிஸ் கால்டனுக்கு ஒரு சந்தேகம். வசதியை ஏன் குறை சொல்ல வேண்டும், வெறும் தற்செயலே போதாதா? 1873ல் 'எஜுகேஷனல் டைம்ஸ்' பத்திரிகையில் இதையே கணக்காகக் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் பதில் சொன்னார்: எல்லாப் பெயரும் ஒருநாள் அழிந்தே தீரும்.

வழி சரி, விடை தப்பு! எப்படி?

ஒவ்வொருவருக்கும் ஒன்று இரண்டு மகன்கள், இல்லையென்றால் ஒருவரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிறக்கும் வாய்ப்பு 0.6. சராசரி 1.2 மகன்கள். வம்சம் அழிய இரண்டே வழி. முதல் ஆளுக்கே மகன் இல்லாமல் போகலாம்: 0.4. அல்லது இரண்டு மகன்கள் பிறந்து, இருவரின் வம்சமும் அழியலாம்: அழியும் வாய்ப்பின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் வருவதும் அதே அழியும் வாய்ப்புதான். இந்தச் சமன்பாட்டுக்கு 1, 2/3 என்று இரண்டு விடைகள். சராசரி என்னவாக இருந்தாலும் 1 ஒரு விடையாக வந்து நிற்கும். வாட்சன் அதோடு பேனாவை மூடிவிட்டார். சரியான விடை சின்னதுதான்: 2/3. மூன்றில் ஒரு வம்சம் பிழைத்துக்கொள்ளும். பியனேமே என்ற பிரெஞ்சுக்காரர் 1845லேயே இதைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை.

சராசரி 1ஐத் தாண்டாதவரை அழிவு நிச்சயம். தாண்டிய கணத்தில் பிழைக்க வழி பிறக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது போல, இங்கே எல்லைக்கோடு 1.

சரியாக 1ல் நின்றால்? சராசரி எண்ணிக்கை எத்தனை தலைமுறை போனாலும் ஒன்றேதான். ஆனாலும் அழிவு உறுதி. முரண்பாடு மாதிரி இருக்கிறதா? இரண்டு மகன்களுக்கான வாய்ப்பு 0.5 என்றால், நூறாவது தலைமுறையில் நூற்றில் சுமார் இரண்டு வம்சங்களே மிஞ்சும்; ஆனால் மிஞ்சிய ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐம்பது பேர் இருப்பார்கள். கணக்கு சரியாகிவிட்டது!

கையில் ஒரு ரூபாயோடு சூதாடுபவரை நினைத்துப் பாருங்கள். ஜெயித்தால் ஒரு ரூபாய் கூடும், தோற்றால் ஒன்று போகும். வம்சத்தில் ஒவ்வொருவராக எண்ணினாலும் இதே கதைதான்: ஒருவர் போய் இருவர் வந்தால் ஒன்று கூடும், யாரும் வராவிட்டால் ஒன்று குறையும். 0.6 வாய்ப்புள்ள ஆட்டத்திலும் அவர் ஓட்டாண்டியாகும் வாய்ப்பு அதே 2/3. தள்ளாடி நடப்பவன் கதையும் வம்சத்தின் கதையும் ஒன்றுதான்.

1942 டிசம்பர் 2ல் சிகாகோவில் ஃபெர்மி முதல் அணு உலையை இயக்கியபோது பார்த்ததும் இந்த எல்லையைத்தான். அங்கே மகன்களுக்குப் பதில் நியூட்ரான்கள். தொற்றுநோயிலும் இதேதான். ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குப் பரவுகிறது? அதைப் பூஜ்யமாக்க முடியாவிட்டால் எல்லாம் வீண் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. ஒன்றுக்குக் கீழே தொடர்ந்து பிடித்து வைத்தாலே போதும், சங்கிலி தானே அறும். 1.1க்கும் 0.9க்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.2 அல்ல, ஊரே அதில் அடங்கியிருக்கிறது.