இஞ்சி தின்ற முகம்

1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் பகுதியில், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது ஹனூர். வீட்டில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசும் அந்த ஊர் இஞ்சி விவசாயிக்கு 55 வயதில் முதல் பீர். அதுவும் இஞ்சி போட்டது.

2025 தொடக்கத்தில் ஒரு மாலை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், பீரை அங்கேயே காய்ச்சித் தரும் பப் ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தான். முதல் மடக்கில் இஞ்சி தின்ற குரங்கின் முகம். காரணம் கசப்பு, இஞ்சி அல்ல. இரண்டாவது மடக்கை நாக்கில் நிறுத்தினார். "சுக்கு இல்லை, பச்சை இஞ்சி" என்று தீர்ப்பு சொன்னார். பரிமாறியவர் ஆமோதித்தார். மணம் போகாமலிருக்க, கொதி முடியும் நேரத்தில் தட்டிப் போடுகிறார்களாம்.

பச்சை இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால், காய்ந்து சுக்காகும்போது ஷோகாலாக மாறி இன்னும் உறைக்கும். பெயர்கள் தெரியாத நாக்குக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

பில் வந்தது. கோப்பை 400 ரூபாய்.

"இதுல எவ்வளவு இஞ்சி இருக்கும்?"

"சுண்டுவிரல் அளவு இருக்கும்ப்பா."

அவர் பேசவில்லை. மிச்சத்தைச் சொட்டு விடாமல் குடித்தார். 2023ல் உச்சத்துக்கு ஏறிய இஞ்சி விலை 2024 முடிவதற்குள் சரிந்துவிட்டிருந்தது. நல்ல விலைக்குக் காத்து, ஊரில் அரை ஏக்கர் இஞ்சி இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடந்தது.