இரண்டு ஆசன மோட்டார்

வாங்குவோன் உள்ளத்தைக் கொண்டு நோக்குமிடத்து மோட்டார் வண்டிகள் இருதிறத்தன. ஒன்று தேவை பற்றி வாங்கப்படுவது. மற்றொன்று விருப்பம் பற்றி வாங்கப்படுவது. முன்னதை வாங்குவோனை ஒருவரும் வினவுவதில்லை. பின்னதை வாங்குவோனோ மனைவிக்கும் மக்களுக்கும் நண்பர்க்கும், எல்லார்க்கும் மேலாகத் தன் மனச்சாட்சிக்கும் விடை கூறக் கடமைப்பட்டவனாகின்றான். இருவர்க்கு மட்டும் இடமுள்ளதும், துணிக்கூரையைப் பின்னே மடக்கித் திறந்தவெளியிற் செலுத்தத் தக்கதும், தாழ்ந்து குறுகியதுமான ‘ரோட்ஸ்டர்’ என்னும் சிறு மோட்டார் இவ்விரண்டாம் இனத்தில் தலையாயது. அத்தகைய ஒன்றை எனது 64-ஆம் வயதில் வாங்கிய யான், அவ்விடையினை நம் கல்லூரிப் பத்திரிகை வாயிலாகக் கூற விழைகின்றேன். மோட்டார் வாங்கக் கருதும் இளைஞர் எவர்க்கேனும் இது பயன்படுமாயின் மகிழ்வேன்.

இவ்வினத்திற்குப் பெரும்புகழ் தந்த நாடு இங்கிலாந்து. அங்கே ஆபிங்டன் என்னும் ஊரில் ‘எம்.ஜி.’ கம்பெனியார் 1945 முதல் 1949 வரை செய்து விற்ற ‘டி.சி.’ என்னும் வண்டிகள் ஏறத்தாழ 10,000 தாம். மரச்சட்டத்தின்மேல் தகடு போர்த்து, உயர்ந்த கம்பிச் சக்கரங்களை மாட்டி அமைத்தனர். ஸ்டியரிங் சக்கரம் வலப்புறத்திலேயே இருந்தமையால், சாலையின் வலப்பக்கமாகவே செல்லும் அமெரிக்கர்க்கு அது ஏற்றதன்று. ஆயினும் யுத்த காலத்தில் இங்கிலாந்தில் தங்கிய அமெரிக்கப் போர்வீரர் பலர் இத்தகைய சிறு வண்டிகளைக் கண்டு மனம் பறிகொடுத்துத் தம் நாடு சேர்ந்தனர். அன்று தோன்றிய ஆசையே பின்வந்த வண்டிகட்கெல்லாம் சந்தையாயிற்று. 1962-இல் வெளிவந்த ‘எம்.ஜி.பி.’ ஐந்து லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டது. ஆயின் ஒழுகும் கூரையும், கோளாறு செய்யும் மின்கம்பிகளும், அமெரிக்க அரசினர் விதித்த புகைக் கட்டுப்பாடுகளும் கூடி அவ்வினத்தை நலிவித்தன. 1980-இல் ஆபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. அவ்வாண்டே ‘ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்’ என்னும் மற்றொரு சிறு வண்டியின் உற்பத்தியும் நின்றது.

இறந்ததெனக் கருதப்பட்ட இவ்வினத்தை உயிர்ப்பித்தவர் ஆங்கிலேயர் அல்லர், ஜப்பானியர். 1979-இல் பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், ‘மாஸ்டா’ கம்பெனியின் யந்திர நிபுணராகிய கெனிச்சி யாமமோட்டோவிடம், பழைய ஆங்கில வண்டிகளைப்போல் எளிய, மெல்லிய, இரண்டு ஆசன வண்டியொன்று செய்யலாகாதா என்று கூறினார். அவ்விதை முளைக்கப் பத்தாண்டுகள் சென்றன. தோஷிஹிகோ ஹிராய் என்பார் தலைமையில் உருவான அவ்வண்டி 1989 பிப்ரவரியில் சிக்காகோ மோட்டார் காட்சியில் முதன்முதல் காட்டப்பெற்றது. ‘எம்.எக்ஸ்-5’ என்பது அதன் பெயர். அமெரிக்கர் அதனை ‘மியாட்டா’ என்றனர். தொடக்க விலை 13,800 டாலர். அதன் வெற்றியைக் கண்டபின் 1990-களில் வேறு பல கம்பெனியாரும் இவ்வின வண்டிகளைச் செய்யலாயினர். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்.எக்ஸ்-5 ஹிரோஷிமாவில் வெளிவந்தது. யான் சிக்காகோவிற்கு அணித்தாய் வாழ்பவனாதலின், இவ்வண்டிகளைப் பல்லாண்டுகளாக வீதியிற் கண்டு, ஒன்றும் கூறாது கடந்துபோயிருக்கின்றேன்.

இதன் சிறப்பு வேகத்தில் இல்லை. முதற் தலைமுறை வண்டியின் எஞ்சின் 1.6 லிட்டர், வலிமை 116 குதிரைத்திறன். இன்று குடும்பத்தோடு செல்லும் வண்டிகளிற் பல இதனினும் வலியன. ஆயின் இதன் எடையோ 950 கிலோ அளவே. எஞ்சினை முன் அச்சுக்குச் சற்றுப் பின்னே வைத்து, ஆற்றலைப் பின் சக்கரங்கட்குச் செலுத்தி, பானெட்டை அலுமினியத்தாற் செய்து, இருவர் அமர்ந்தால் முன்னும் பின்னும் பாரம் ஏறத்தாழச் சமமாகும்படி அமைத்தனர். இக்கொள்கையை ஜப்பானியர் ‘ஜின்பா இத்தாய்’ என்பர். குதிரையும் அதன்மேல் இவர்ந்தோனும் ஓருடலாதல் என்பது பொருள். முப்பது மைல் வேகத்தில் ஒரு வளைவைக் கடக்கும்போதே சாலையின் மேடு பள்ளம் கைகட்குத் தெரிகின்றது. பெரிய வண்டியில் அறுபது மைல் வேகத்திலும் தெரிவதில்லை. இன்பம் வேகத்தைப் பொறுத்ததன்று, அணுக்கத்தைப் பொறுத்தது என்பதை இதனாற் கற்றேன்.

என் எண்ணத்தை வீட்டில் வெளியிட்டபோது என் மனைவி சினக்கவில்லை, கணக்குக் கேட்டாள். “பேரப்பிள்ளை வந்தால் எங்கே உட்காருவான்? பனிக்காலம் நான்கு மாதமும் இது எங்கே நிற்கும்? உங்கள் முழங்காலுக்கு இவ்வளவு தாழ்ந்த வண்டி ஆகுமா?” என்று மூன்று வினாக்கள் தொடுத்தாள். கூரை நிலையாக மூடிய ‘கூப்பே’ வண்டியொன்றை வாங்கலாமே, அவற்றிற் சிலவற்றிற்குப் பின்னாசனமும் உண்டே என்றும் நினைவூட்டினாள். உண்டுதான். ஆயின் அப்பின்னாசனத்தில் ஒரு சிறுவனும் கால் நீட்டி அமர இயலாது. பெட்டி வைக்கவே அது பயன்படும். பேரனுக்குப் பழைய பெரிய வண்டி இருக்கின்றது என்றேன். முழங்காலைப் பற்றி மட்டும் விடை கூற இயலவில்லை. உண்மையில் அவ்வினாவே என்னை விரைவுபடுத்தியது. தாழ்ந்த ஆசனத்தில் எளிதில் அமர்ந்து எழக்கூடிய ஆண்டுகள் எனக்கு இன்னும் பல இல்லை.

மனச்சாட்சி கேட்ட வினா வேறு. எம் தகப்பனார் மிஷன் பள்ளி ஆசிரியர். அவர்க்கு வாழ்நாள் முழுவதும் இருந்த வாகனம் ஒரு சைக்கிள். ஞாயிறு தவிர ஒவ்வொரு நாளும் மாலையில் அதனைத் துடைப்பார். மாதமொருமுறை செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைப்பார். “நம்மிடம் இருப்பதெல்லாம் ஒப்படைக்கப்பட்டது; நாம் உக்கிராணக்காரர்” என்பது அவர் அடிக்கடி கூறும் வார்த்தை. அத்தகையார் மகன் தேவையற்ற ஒரு வண்டிக்குப் பணம் செலவிடுதல் தகுமோ என்று பலநாள் எண்ணினேன். ஒரு பொருளை அனுபவிப்பது குற்றமன்று. பேண இயலாததைப் பெருமைக்காகக் கொள்வதே குற்றம் என்று முடிவாகத் தெளிந்தேன். அத்தெளிவே புதியதா பழையதா என்னும் அடுத்த வினாவிற்கும் வழிகாட்டியது.

புதியதன் நன்மைகளை மறைத்தல் நேர்மையன்று. 2015-இல் தொடங்கிய நான்காம் தலைமுறை வண்டியும் எடையில் ஏறத்தாழ 1,060 கிலோவே. காற்றுப் பைகள் பல உண்டு. சறுக்கும் சக்கரத்தைத் தானே அடக்கும் கருவி உண்டு. கம்பெனியாரின் உத்தரவாதமும் உண்டு. 1990-ஆம் ஆண்டின் வண்டியிலோ, அமெரிக்காவிற்கு வந்தவற்றில், ஓட்டுவோர்க்கு மட்டுமே காற்றுப் பை, அருகமர்ந்தார்க்கு இல்லை. நாள்தோறும் அலுவலுக்கு நெடுஞ்சாலையிற் செல்லும் இளைஞன் என்னைக் கேட்பானாயின், புதியதையே வாங்குக என்பேன். யானோ வேனிற்கால மாலைகளில் கிராமச் சாலைகளில் மட்டும் செல்லக் கருதினேன். பழையதன் விலை புதியதன் விலையில் மூன்றிலொரு பங்கினும் குறைவு. அன்றியும் புதிய வண்டி வாங்கிய நாள்முதல் விலையிறங்கும். நன்கு பேணப்பட்ட பழைய வண்டியோ இறங்குமளவு பெரும்பாலும் இறங்கி நின்றுவிட்டது. எனவே முதற் தலைமுறையையே தேடலானேன்; பானெட்டின் இருபுறமும் கண் திறப்பதுபோல் எழும்பும் விளக்குகள் அத்தலைமுறைக்கு மட்டுமே உரியவை.

பழைய வண்டி வாங்குவோன் அறிந்திருக்க வேண்டுவன சில. முதலாவது துரு. பனிக்காலத்தில் இந்நாட்டுச் சாலைகளில் உப்பு இறைக்கின்றனர். அது இரும்பைத் தின்கின்றது. இவ்வண்டிக்கு வேறொரு வாயிலும் உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர் ஆசனங்களின் பின்னேயுள்ள இரு துளைகளின் வழியே கீழிறங்கும். அத்துளைகளை இலையும் தூசியும் அடைத்துவிட்டால், கதவுக்குக் கீழே நீண்டு கிடக்கும் இரும்புப் பெட்டியின் உட்புறம் நீரில் ஊறி அரிக்கப்படும். வெளியே வர்ணம் மின்னும். உள்ளே ஒன்றும் இராது. ஆதலின் பின் சக்கரத்தின் முன்னே குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஒரு சிறு காந்தமும் கையிற் கொண்டு செல்லல் வேண்டும். பட்டி பார்த்து மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. அலுமினியமாகிய பானெட்டில் ஒட்டாமைக்கு அஞ்ச வேண்டா.

இரண்டாவது எஞ்சின். விற்போரிடம் முன்னரே சொல்லி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்று காணல் வேண்டும். சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறைகளை மறைக்கும். டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓட்டம் குறைவாயினும் வயதால் ரப்பர் பிளவுபடுமாதலின் ஆண்டுக் கணக்கும் பார்த்தல் நன்று. முதலிரண்டு ஆண்டுகளின் எஞ்சின்களிற் பலவற்றில் கிராங்க் தண்டின் முன்முனை வலுக்குறைந்தது. அங்குள்ள கப்பி ஆடுகின்றதா என்று எஞ்சின் ஓடும்போதே நோக்க வேண்டும். மேற்புறத்தில் ‘டிக் டிக்’ என்னும் ஒலி கேட்பினும் கலங்க வேண்டா; எண்ணெய் மாற்றினால் அது பெரும்பாலும் தணியும். டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு எண்கள் உண்டு. ஆழ்ந்த பள்ளங்கள் உள்ள டயரும் பத்தாண்டு முதியதாயிருக்கலாம்.

இவ்வறிவோடு யான் கண்ட முதல் வண்டி செந்நிறமானது. கண்ணாடிபோல் மின்னியது. விற்றவர் விரைவாகவும் இனிமையாகவும் பேசினார். காந்தத்தை வலக் கதவின் கீழே வைத்தேன், தரையில் விழுந்தது. இடப்புறம் வைத்தேன், அங்கும் விழுந்தது. நன்றி கூறி மீண்டேன். இரண்டாவது வண்டியில் முன்னிருந்த இளைஞர் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். எப்பகுதி ஹிரோஷிமாவிற் செய்தது, எப்பகுதி அவர் வீட்டுக் கொட்டகையிற் செய்தது என்று பிரித்தறிய இயலவில்லை.

மூன்றாவது வண்டி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவருடையது. 1990-இல் செய்த நீலநிற வண்டி. 71,000 மைல் ஓடியிருந்தது. அதனைப் புதிதாகவே வாங்கி இதுகாறும் வைத்திருந்தார். வர்ணம் ஆங்காங்கே மங்கியிருந்தது. ஓட்டுவோர் ஆசனத்தின் தையல் விட்டிருந்தது. ஆயின் காந்தம் இருபுறமும் பற்றிக்கொண்டது. அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையிற் கொடுத்தார். 30 ஆண்டுகட்கு மேலாக, ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும், டயரும், இருமுறை மாற்றிய டைமிங் பெல்ட்டும், நாளும் மைலும் குறித்து அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. ‘நீர்த்துளைகள் சுத்தம் செய்யப்பட்டன’ என்பது ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் வந்தது.

பின்னர் அவர் என்னைச் சோதிக்கலானார். பெண் கொடுப்போர் மாப்பிள்ளையை வினவுவதுபோல், “பனிக்காலத்தில் எங்கே நிறுத்துவீர்? கூரையை மடக்குமுன் பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறக்க வேண்டுமென்று அறிவீரா? மகனுக்குக் கொடுத்துவிடுவீரோ?” என்று கேட்டார். யான் கூறிய விடைகள் அவர்க்குத் திருப்தியளித்தன போலும். ஏன் விற்கின்றீர் என்று யான் கேட்டதற்கு அவர் சொல்லாற் பதில் கூறவில்லை. தம் வலது முழங்காலை இருமுறை தட்டிக் காட்டினார். விலை பேச எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதும் மிகையன்று.

இன்று அவ்வண்டி எம்மிடத்தில் மூன்றாம் வேனிலைக் காண்கின்றது. முதற் சிலநாள் அதில் ஏற மறுத்த என் மனைவி, இப்போது மாலையில் கழுத்துத் துணியைக் கட்டிக்கொண்டு தானே வாயிலில் நிற்கின்றாள். வண்டியில் வானொலி உண்டு; ஆயினும் காற்றின் ஓசையில் அது கேளாது. ஆகவே பேசுகின்றோம். சோள வயல்களின் நடுவே, முன்னாசனம் பின்னாசனம் என்ற பேதமின்றித் தோளோடு தோள் அமர்ந்து செல்லுங்கால், பிள்ளைகள் வளர்ந்த ஆண்டுகளில் பேசாது விட்டவற்றையெல்லாம் பேசுகின்றோம். பேரன் வந்தபோது அவனைப் பக்கத்தில் அமர்த்த இயலவில்லை. எட்டு வயதினன், அவ்வளவு சிறியோர்க்கு இவ்வாசனம் தக்கதன்று. கொட்டகையில் நிறுத்திய வண்டியின் விளக்குகளை எழுப்பியும் தாழ்த்தியும் விளையாடி அதனோடு அமைந்தான்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை பொருளீட்டி, தேவைக்கு மேற்பட்ட ஒன்றை விரும்புவீராயின், விருப்பத்தை எண்ணி நாணற்க. அப்பொருளின் நீர்த்துளைகள் எங்கேயுள்ளன என்று மட்டும் முன்னரே கேட்டறிக. ஆண்டுதோறும் குனிந்து அவற்றைச் சுத்தம் செய்ய உடன்படுவீராயின் வாங்குக. எனக்கு முழங்கால் இசையுமட்டும் இவ்வண்டி என்னிடம் இருக்கும். அதன்பின் வேறொருவர் வருவார். அவரைச் சோதிக்க வேண்டிய வினாக்களை யான் இப்போதே அறிவேன். அம்மையாரின் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் 40 பக்கங்கள் எழுதப்படாமல் உள்ளன. அவர் எழுத்து முடிந்த வரியின்கீழ், சென்ற இரண்டு இலையுதிர் காலங்களிலும் அவர் எழுதியவாறே யானும் தமிழில் எழுதினேன்: ‘நீர்த்துளைகள் சுத்தம் செய்யப்பட்டன’.