பருவுக்குக் கொடுத்த மாத்திரை

பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். காவலர் வேலைக்குப் போனால் காலைப் பார்ப்பார்கள். 22 வயதில் எனக்கு முகமும் வேண்டியிருந்தது, காலும் வேண்டியிருந்தது.

எங்கள் வீடு பாகூர் ஏரிக்குப் பக்கம். காவலர் உடல்தகுதித் தேர்வுக்காக விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவேன். இந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை ஒரு தாசி தன் சொத்தைப் போட்டு வெட்டினாள் என்று ஊரில் கதை சொல்வார்கள். மண் சுமந்த பெண்களைப் பற்றி அந்தக் கதையில் ஒன்றும் கிடையாது. ஓடும்போது எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வரும்.

பரு பள்ளிக்கூட நாளிலேயே வந்துவிட்டது. சாதாரணப் பரு இல்லை. கன்னத்திலும் தாடையிலும் முதுகிலும் கட்டிகட்டியாகச் சீழ் வைத்து, உடைந்தால் குழி விழும். சந்தனம், மஞ்சள், வேப்பிலை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. "மூஞ்சில இவ்ளோ இருந்தா எவன்டி பாப்பான்?" என்று பெரியம்மா கல்யாண வீட்டிலேயே கேட்டார். அம்மா நூறு நாள் வேலைக் கூலியைச் சேர்த்துவைத்துப் புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம்."

"அப்ப பிரச்சினை இல்ல. கர்ப்பம் மட்டும் ஆகக் கூடாது."

ஐசோட்ரெட்டினாயின், 20 மில்லிகிராம், தினம் ஒன்று. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. அமெரிக்காவில் 1982-இல் விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தையின் மூளை, இதயம், காது, முகம் எல்லாமே பாதிக்கப்படலாம். அதனால் அங்கே 2006 முதல், கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்து உறுதிசெய்த பிறகே பெண்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்த எச்சரிக்கை அவசியம்தான். ஆனால் தாலி ஏறியிருக்கிறதா என்று கேட்பது மருத்துவக் கேள்வியா? கல்யாணம் ஆகாதவள் என்றால் கருப்பைக்கு ஆபத்தில்லை, கருப்பைக்கு ஆபத்தில்லை என்றால் உடம்பில் வேறெதற்கும் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டாயிற்று. நான் தினம் ஓடுகிறவள் என்பதை யாரும் கேட்கவில்லை.

முதல் மாதம் உதடு வெடித்தது, மூக்கு காய்ந்தது. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். பரு அமுங்கத் தொடங்கியதும் அம்மா முகத்தில் வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

இரண்டாம் மாதம் தொடையில் வலி. ஓடினால் வரும் வலி எனக்குத் தெரியும். இரண்டு நாளில் போய்விடும். இது போகவில்லை. கிணற்றடியில் குந்தினால் கையை ஊன்றித்தான் எழ முடிந்தது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கத் தோள் ஒத்துழைக்கவில்லை. "ராத்திரி பூரா போனப் பாத்தா அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. "பொண்ணுங்களுக்கு மாசாமாசம் இருக்கறதுதானே" என்றார் பயிற்சி கொடுத்த அண்ணன். நடவுக்குப் போகும் அத்தை மட்டும் எதுவும் சொல்லாமல் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டார். அவர் காலும் அப்படித்தான் வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு காலை சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. சூடு என்று இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அன்று தெருவுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அக்காவிடம் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அக்கா என்னைக் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: "என்ன மாத்திரை சாப்பிடற? உடம்பால என்ன வேலை செய்யற?" அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

ரத்தத்தில் சிபிகே 4,310. பெண்களுக்கு ஏறக்குறைய 190 வரை இருந்தால் சரி. அது தசைக்குள் இருக்கவேண்டிய நொதி. தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். கடுமையாக ஓடினாலே கொஞ்சம் ஏறும். இந்த மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்குத் தசைவலி வரும், உடலுழைப்போடு சேர்ந்தால் சிபிகே ஏறுவதும் உண்டு. பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் இறங்கிவிடும். மிக அரிதாகத் தசைநார் சிதைந்து மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். சிறுநீரின் நிறம் மாறியது அதனால்தான். எனக்குச் சிறுநீரகம் தப்பியது. மூன்று நாள் குளுக்கோஸ் பாட்டில், மாத்திரை நிறுத்தம், ஓட்டம் நிறுத்தம். ஒரு மாதத்தில் எண் 160-க்கு இறங்கியது. மருந்தா, ஓட்டமா, இரண்டும் சேர்ந்தா என்று பிரித்துச் சொல்ல முடியாது, சேர்ந்துதான் இருக்கவேண்டும் என்றார் அங்கிருந்த மருத்துவர்.

அந்த வருடத் தேர்வு போய்விட்டது. பரு பாதிதான் போயிற்று.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். கடுகளவு ஆங்கில எழுத்தில் தசைவலி, சிபிகே, கடும் உடற்பயிற்சி எல்லாம் இருந்தன. உடற்பயிற்சி என்று படித்தால் ஜிம்முக்குப் போகிறவர்கள்தான் கண்முன் வருகிறார்கள். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்ணுக்கு, சித்தாள் வேலையில் செங்கல் தூக்குகிற பெண்ணுக்கு, அது தன்னைச் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? அவர்கள் செய்வதை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. வேலை என்றுகூடப் பல வீடுகளில் சொல்வதில்லை.

போன மாதம் வில்லியனூரிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். அவளுக்கும் அதே மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயந்து விட்டுவிடாதே, நல்ல மருந்து, நிறையப் பேருக்கு முகத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்றுதான் முதலில் சொன்னேன். அப்புறம், நீ என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டரிடம் நீயே சொல், அவர் கேட்கும்வரை காத்திருக்காதே, வலி வந்தால் சிபிகே பார்க்கச் சொல், சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே ஓடு என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடவு முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கலாமான்னு கேக்கட்டாக்கா?" என்றாள்.

"கேளு" என்றேன்.