கடைக்குச் சென்று திரும்பும் கணக்கு

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழர் மரபு. ஔவையாரும் திருவள்ளுவரும் அவ்வாறே கூறிச் சென்றனர். அக்கண்கள் முதல் மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியன என்று அவர்கள் எவ்விடத்தும் கூறவில்லை. ஆயினும் பள்ளிக்கூடத்தில் நாம் நெடுங்காலம் அவ்வாறுதான் நடந்து வந்தோம். கணக்கு வரும் பிள்ளை, கணக்கு வராத பிள்ளை என இரு வரிசையாகப் பிரித்துப் பின்வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு நமது கடமை தீர்ந்தது என எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழை என்பதை நமக்கு உணர்த்தியவர் ஒரு தாய். அவரைப் பற்றியும் அவர் மகனைப் பற்றியும் இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறோம்.

ஒரு காலத்தில் பால்மரங்கள் நின்று, இன்று செம்பனைகள் நிற்கும் பேராக் மாநிலத் தோட்டமொன்றில் நாம் பணியாற்றியபோது நிகழ்ந்தது இது. மூன்றாம் ஆண்டில் பயின்ற அம்மாணவனுக்குப் பேச்சு மெதுவாக வரும். சொன்னதைப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். ஆனால் இரண்டாம் வாய்பாட்டையும் ஐந்தாம் வாய்பாட்டையும் பாட்டுப்போல் இனிமையாக ஒப்பிப்பான். அதைக் கேட்டு நாம் மகிழ்ந்ததும் உண்டு. ஒருநாள், "தம்பி, மேசையிலிருந்து ஐந்து பென்சில் எடுத்து வா" என்றோம். அவன் கைக்கு அகப்பட்ட அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்து சிரித்தபடி நீட்டினான். ஐந்தாம் வாய்பாடு தெரிந்த பிள்ளைக்கு ஐந்து என்பது எவ்வளவு என்று தெரியவில்லை.

நாம் செய்த பரிகாரம் என்ன? மேலும் வாய்பாடு, மேலும் பயிற்சித் தாள், பள்ளி முடிந்த பின் ஒரு மணி நேர வகுப்பு. ஆறு மாதங்கள் கழிந்தபின் மூன்றாம் வாய்பாடும் அவனுக்குப் பாடமாயிற்று. பென்சில்கள் மட்டும் முன்போலவே கைநிறைய வந்தன. இறுதியில் அவன் தாயாரை அழைத்து, "உங்கள் மகனுக்குக் கணக்கு வராது, அம்மா" என்று கூறிவிட்டோம்.

செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை முடிந்து நேரே வந்திருந்த அவ்வம்மையார் சற்று நேரம் தரையைப் பார்த்தபடி நின்றார். பின்னர், "ஐயா, அவன் பெரிய கணக்கெல்லாம் போட வேணாம். நான் ஒருநாள் காய்ச்சலில் படுத்துக்கிட்டா, கடைக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கிட்டு மீதிக் காசோட வீட்டுக்கு வந்து சேருவானா? அது போதும்" என்றார். முந்திய வாரம் பத்து வெள்ளித் தாளைக் கொடுத்து அவனைக் கடைக்கு அனுப்பினாராம். ரொட்டி வந்தது, மீதி வரவில்லை. கடையில் கொடுக்கவில்லையா, வழியில் விழுந்துவிட்டதா, வேறு யாரேனும் வாங்கிக்கொண்டனரா என்று எவருக்கும் தெரியவில்லை. கேட்கக் கேட்கப் பையன் அழுதானேயன்றி அவனால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் பாட நோக்கம் எழுத நமக்குக் கற்பித்தனர். இத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நோக்கங்களை எழுதியிருப்போம். அந்தத் தாய் ஒரே வாக்கியத்தில் கூறிய நோக்கத்திற்கு ஈடான ஒன்றை நாம் அம்மாணவனுக்காக எழுதியதே இல்லை.

வாழ்க்கைக்கான கணக்கு தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அப்பள்ளிகளில் ஓரிரு ஆண்டுகளே அமர்ந்து எழுந்தவர்களும், அமரவே இயலாதவர்களும் பால்வெட்டுக்குச் சென்றனர். தம் நிரையில் எத்தனை மரம், எத்தனை மங்கு கவிழ்ந்து கிடக்கிறது, வாளி எந்த அளவு நிறைந்தால் தராசில் எவ்வளவு நிற்கும் என்பதைப் பார்வையாலேயே கூறவல்ல பெரியவர்களை நாம் கண்டிருக்கிறோம். கிராணியார் எழுதிய எடை குறைந்தால் அவர்களுக்கு உடனே தெரியும். அது அவர்களது வயிற்றோடு பிணைந்த கணக்கு.

கடல் கடந்தும் இவ்வுண்மையைக் கண்டறிந்துள்ளனர். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவர் ஐவரிடம் ஆய்வாளர் மூவர் வாங்குவோர்போல் பேசிக் கணக்குக் கேட்டனர். விற்குமிடத்தில் அச்சிறுவர்கள் கூறிய விடைகளில் நூற்றுக்கு 98 சரியாக இருந்தன. அதே வகைக் கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரியாயின. 1985இல் வெளிவந்த அந்த ஆய்வைப் படித்தபோது நமது தோட்டத்துப் பெரியவர்களே நினைவுக்கு வந்தனர். அச்சிறுவர்கள் கற்றல் குறைபாடு உடையவர்கள் அல்லர். ஆதலின் அவர்களுக்குப் பொருந்தியது அனைத்தும் நம் மாணவனுக்கும் பொருந்தும் என்று கூறத் துணியோம். ஆயினும் பொருள் புரிந்த இடத்தில் எண் எளிதில் ஒட்டும் என்பது இருவர்க்கும் பொது.

அடுத்த நாளே அவன் தாயாரோடும் வகுப்பாசிரியையோடும் அமர்ந்து ஒரு தாளில் நான்கு வினாக்களுக்கு விடை எழுதினோம். எந்தச் செயல்? எந்த இடத்தில்? எவ்வளவு உதவியோடு? எத்தனை முறை சரியாகச் செய்தால் கற்றுக்கொண்டான் என்று கொள்வது? "கூட்டல் கழித்தலில் முன்னேற்றம் அடைவான்" என்று முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டோம். முன்னேறினானா இல்லையா என்பதை அவ்வரியைக் கொண்டு எவராலும் கூற இயலாது. அதற்குப் பதிலாக எழுதியது இது: "பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில், 5 வெள்ளிக்கு உட்பட்ட விலையைப் பார்த்து, போதுமான ஒரு வெள்ளித் தாள்களை எண்ணிக் கொடுத்து, மீதிக் காசு வரும்வரை நின்று வாங்கி வருவான். ஆசிரியை அருகில் நிற்கலாம், பேசலாகாது. 5 நாளில் 4 நாள் சரியாகச் செய்ய வேண்டும்."

இலக்கு இவ்வாறு தெளிவானதும், அதற்குச் செல்லும் படிகளும் தெளிவாயின. முதற்படி, கேட்ட அளவு எண்ணிக் கொடுத்தல். எண்ணுதல் என்பது ஒரே திறன் அன்று என்பதை கெல்மன், காலிஸ்டல் என்னும் அறிஞர் இருவர் 1978இல் விளக்கியுள்ளனர். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே கூற வேண்டும். சொற்களின் வரிசை மாறலாகாது. இறுதியாகக் கூறிய சொல்லே மொத்தத்தின் அளவு. நம் மாணவனுக்கு வரிசை நன்றாகத் தெரியும். இறுதிச் சொல் அளவைக் குறிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. எனவே முட்டை அட்டையை ஐந்து குழிகளாக வெட்டிக் கொடுத்தோம். குழிக்கு ஒன்றாக இரப்பர் விதையை இடுவான், ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான், "மொத்தம் எத்தனை?" என்று கேட்போம். வீட்டில் தாயார், "நாம நாலு பேரு, நாலு தட்டு எடுத்து வைப்பா" என்று ஒவ்வோர் இரவும் கேட்டு வந்தார். தட்டு குறைந்தால் ஒருவருக்குச் சோறு இல்லை என்பதை அவன் தானே கண்டான். அந்தத் தட்டுகள் கற்பித்த பாடத்தை நமது தாள்கள் கற்பிக்கவில்லை.

இரண்டாம் படி, காசை அறிதல். விலையின் கூட்டுத்தொகையை ஐந்து காசுக்கு முழுமைப்படுத்தும் முறை 1-4-2008 முதல் நடப்புக்கு வந்ததால், ஒரு காசு நாணயம் கற்பிக்கும் தொல்லை நமக்கு இல்லை. எஞ்சியவை நான்கே. அவற்றிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. 2012இல் வெளிவந்த நாணயங்களில் ஐந்து காசும் பத்துக் காசும் வெள்ளி நிறம். அளவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே வேறுபாடு. அவ்விரண்டிலிருந்து தொடங்கினால் பிள்ளை குழம்புவது உறுதி. பொன்னிறமாய், பெரிதாய், விளிம்பில் வெட்டுகள் கொண்ட ஐம்பது காசிலிருந்து தொடங்கினோம். உண்மைக் காசையே பயன்படுத்தினோம். அட்டைக் காசு கடையில் செல்லாது என்பதைப் பிள்ளைகளும் அறிவர்.

மூன்றாம் படிதான் நமக்கே புதிதாக இருந்தது. விலை 3 வெள்ளி 40 காசு என்றால், அந்த 40ஐப் பற்றி அவன் கவலைப்பட வேண்டியதில்லை. முதலில் உள்ள எண்ணைப் பார்த்து, அதற்கு மேல் ஒரு வெள்ளி சேர்த்து நான்கு தாள்களைக் கொடுத்தால் போதும். கழித்தல் தெரியாமலே பொருள் வாங்க இயலும். சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் பல நாடுகளில் கையாளும் முறை இது. இதற்குத் துணையாகத் தாயாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தோம்: "பெரிய தாள் கொடுக்காதீர்கள் அம்மா, ஒரு வெள்ளித் தாள்களாகவே கொடுத்தனுப்புங்கள்." தவறினாலும் ஒரு வெள்ளிக்கு மேல் பெரும்பாலும் இழப்பு இராது.

மொழியும் ஒரு படியே. நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழில் எண்ணுகின்றனர். கடையில் மலாயில் விலை கேட்கின்றனர். தொலைக்காட்சியில் ஆங்கிலத்தில் எண் கேட்கின்றனர். தமிழிலேயே ஒன்பதை அடுத்துத் தொண்ணூறும் தொள்ளாயிரமும் வேறு உருக்கொண்டு வந்து நிற்கின்றன. இயல்பான பிள்ளைகளே தடுமாறும் இடம் அது. ஆகவே காதால் கேட்பதை விட்டுவிட்டு, விலைச்சீட்டில் உள்ள எண்ணைக் கண்ணால் பார்த்து நடக்கப் பழக்கினோம்.

கேட்ட ஐந்தை எண்ணிக் கொடுக்க ஐந்து மாதங்கள் ஆயின. சிற்றுண்டிச் சாலை இலக்கை அடைய மேலும் ஓர் ஆண்டு கழிந்தது. இடையில் ஒரு நீண்ட விடுமுறையில் பாதியை மறந்துவிட்டு வந்தான்; மீண்டும் முட்டை அட்டையிலிருந்து தொடங்கினோம். பின்னர் ஒரு சனிக்கிழமை காலை, அக்காள் தொலைவில் மரத்தடியில் நின்று பார்த்திருக்க, அவன் தனியே கடைக்குள் சென்று ரொட்டி வாங்கினான். மீதிக் காசையும் இரசீதையும் கைக்குள் இறுக மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். திங்கட்கிழமை அவன் தாயார் பள்ளிக்கு வந்து அந்தக் காசை நம் மேசைமீது வைத்துக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசக்கூடிய நிலையில் இல்லை. கழித்தல் கணக்கு அவனுக்கு அன்றும் வரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

இம்மகிழ்ச்சியினூடே ஒரு குற்ற உணர்வும் நம்மை விட்டு அகலவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மாணவி ஒருத்தி நம்மிடம் பயின்றாள். அமைதியான பிள்ளை, எவருக்கும் தொல்லை தராதவள். ஆறு ஆண்டுகள் பின்வரிசையில் அமர்ந்து கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்தெழுதிவிட்டு வெளியேறினாள். இன்று வேலைக்குச் செல்கிறாள். ஊதியம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கத் தம்பியை எதிர்பார்த்து நிற்கிறாள் என அறிகிறோம். அந்த ஆறு ஆண்டுகளுக்கு நாமே பொறுப்பு.

"இவ்வளவு போதும் என்று இலக்கைச் சுருக்கிவிட்டால் பிள்ளை அங்கேயே நின்றுவிடாதா?" எனச் சில பெற்றோர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. மரியா மாண்டிசோரி அம்மையார் 1900ஆம் ஆண்டளவில் ரோம் நகரில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொட்டுணரும் கருவிகளைப் பயன்படுத்தினார். அங்குக் கற்றதைக் கொண்டே 1907இல் ஏனைய பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவரும் அவரே. பின்தங்கிய பிள்ளைக்காகக் கண்ட வழி எல்லாப் பிள்ளைகளுக்கும் வழியாயிற்று. இலக்கு என்பது ஏணியின் அடுத்த படி. அதில் கால் ஊன்றியதும் அதற்கடுத்த படியை எழுத வேண்டும். நம் மாணவனுக்கு அடுத்து எழுதியது, பால் டின்னால் அரிசி அளந்து உலையில் இடுவது. அதற்கடுத்தது, கடிகாரத்தில் பேருந்து வரும் நேரத்தைக் கண்டறிவது.

சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சிறப்புக் கல்வியை ஏற்றுக்கொண்டுள்ளது. 2013ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி விதிமுறைகள் அதன்கீழ் அமைந்தவை. பிள்ளைக்கேற்பத் தனியாள் கல்வித் திட்டம் வரையும் முறை சிறப்புக் கல்வி வகுப்புகளில் உள்ளது. அவ்வகுப்புகள் எல்லாத் தமிழ்ப் பள்ளிகளிலும் இல்லை. இல்லாத இடத்திலும் ஒரு தாளும் நான்கு வினாக்களும் போதும், தொடங்கிவிடலாம்.

அன்பார்ந்த பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்றால் முதலில் கண்ணையும் செவியையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கற்றல் குறைபாடு என்று மருத்துவர் கூறினால் மறைக்காதீர்கள். சமூக நல இலாகாவில் பதிந்துகொள்வது பிள்ளைக்கு உதவும். அதில் இழிவு ஏதுமில்லை. "என் பிள்ளை இதைச் செய்தால் எனக்கு நிம்மதி" என்று நீங்கள் கருதும் ஒன்றை ஆசிரியரிடம் வந்து கூறுங்கள். கடை நடத்தும் அன்பர்களே, வரிசையில் மெதுவாக எண்ணும் பிள்ளை நின்றால் சற்றுப் பொறுத்திருங்கள். மீதியை அதன் கையில் ஒவ்வொன்றாக எண்ணி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் விரல்விட்டு எண்ணும் தோழன் இருந்தால் நகையாதீர்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு கூறவும் வேண்டாம். அவன் எண்ணி முடிக்கும்வரை காத்திருங்கள். அதுவே நீங்கள் அவனுக்குச் செய்யும் பேருதவியாகும்.