திரைக்குப் பின்பக்கம்

எங்கள் ரேஷன் கார்டு நாசரேத்தில் இருந்தது. நாங்கள் வேனில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. வேனின் பின்பக்கம் 16 எம்.எம். புரொஜெக்டர், பிலிம் பெட்டிகள், ஜெனரேட்டர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், கயிறு, மூங்கில், சுருட்டி வைத்த வெள்ளைத் திரை. அது போக மிஞ்சிய இடத்தில் பம்ப் ஸ்டவ்வும் அரிசிப் பானையும் துணிமூட்டையும் நாங்களும். புரொஜெக்டர் மேல் நாங்கள் சாயக் கூடாது. பள்ளத்தில் வேன் இறங்கும்போது அது எங்கள் மேல் சாயும், அதற்குத் தடையில்லை.

அப்பா ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவர். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊழியத்துக்கு வந்தார். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஆண்டவர் தம்மை அழைத்ததாகச் சொன்னார். "உன்கிட்ட கேட்டாராம்மா?" என்று நான் பெரியவளான பிறகு அம்மாவிடம் விசாரித்தேன். "சொன்னாரு" என்றாள்.

விசுவாச ஊழியத்தில் சம்பளம் கிடையாது. காணிக்கை உண்டு, எப்போதாவது மணியார்டர் உண்டு, அழைத்த சபையார் பெட்ரோல் போடுவதும் போடாததும் உண்டு. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பார் அப்பா. கணக்கு நோட்டை அம்மா பார்த்துக்கொண்டாள். பெட்ரோல், புரொஜெக்டர் பல்பு, அரிசி, தம்பியின் இழுப்புக்கு மருந்து. அந்த வரிசையில்தான் செலவு எழுதப்பட்டிருக்கும், அந்த வரிசையில்தான் பணமும் போனது. அம்மாவின் சங்கிலி ஓர் அடகுக் கடையில் இருந்தது. எங்கள் வீட்டில் ஓரிடத்தில் நிலையாகத் தங்கியது அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவர் வீடுகளில் ராக்லண்ட் ஐயர் கதை தெரியாத பெரியவர்கள் குறைவு. கேம்பிரிட்ஜில் படித்த மனிதர், 1850களில் சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் கூடாரம் அடித்து ஊர் ஊராக நகர்ந்து ஊழியம் செய்தார். 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். மழையில் வேன் ஒழுகும்போதெல்லாம் அப்பா அவரை எடுத்துக்கொண்டு வருவார். "ராக்லண்டுக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள். குடும்பத்தோடு ஊழியம் செய்தவர் வேண்டுமென்றால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைச் சொல்லலாம். ஆனால் அவருக்குச் சரபோஜி மன்னரின் ஆதரவு இருந்தது. எங்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரின் ஆதரவு கிடைத்தாலே பெரிது.

நாங்கள் காட்டிய படம் 'கருணாமூர்த்தி'. 1978இல் 'கருணாமயுடு' என்று தெலுங்கில் வந்தது. 'பாசமலர்' எடுத்த அதே பீம்சிங்கின் கடைசிப் படங்களில் ஒன்று. இயேசுவாக விஜயசந்தர் நடித்திருந்தார். எத்தனையோ ஊர்களில் அவருடைய முகம்தான் இயேசுவின் முகம். பிறகு காலண்டரில் வேறு முகத்தைப் பார்த்தால், "இது யாரு?" என்று கேட்பார்கள்.

ஊருக்குள் வேன் நுழைந்ததும் முதலில் காவல் நிலையம். மைக் செட்டுக்கு அனுமதி வாங்க வேண்டும். அடுத்து பஞ்சாயத்துத் தலைவர். அடுத்தது மண்ணெண்ணெய். ஜெனரேட்டரைப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். எங்கள் கார்டுக்கு உரிய மண்ணெண்ணெயோ நாசரேத்தில் கிடந்தது. தம்பியும் நானும் தகரக் குவளையோடு வீடு வீடாகப் போவோம். படம் பார்க்கும் ஆசையில் தங்கள் விளக்குக்கு வைத்திருந்ததை ஊற்றிக் கொடுத்தார்கள். முறுக்கும் அவித்த கடலையும் கொடுத்தார்கள். தலையைத் தடவி, எந்தக் கிளாஸ் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் எங்களிடம் நேரான பதில் இருந்ததில்லை.

இருட்டிய பிறகு திரை ஏறும். இரண்டு மூங்கிலுக்கு நடுவே காற்றில் அது உப்பும், இயேசுவும் சேர்ந்து உப்புவார். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போது படம் நின்றுவிடும். சிலுவை வரைக்கும் வந்த ரீல் முடிந்ததும் அப்பா வேண்டுமென்றே அடுத்த ரீலை மாட்டாமல் மைக்கை எடுத்துப் பிரசங்கம் பண்ணுவார். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு இருப்பார்கள். வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஊரில், பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது, ஒரு தாத்தா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏம்பா, பேசுனது போதும். அந்த மனுசன எழுப்பி விடு, நாங்க வீட்டுக்குப் போவணும்." உயிர்த்தெழுதலுக்கு அவ்வளவு உண்மையான வேண்டுதலை நான் எந்தத் தேவாலயத்திலும் கேட்டதில்லை.

தம்பியும் நானும் திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்போம். முன்பக்கம் வந்தவர்களுக்கு, பின்பக்கம் வீட்டுப் பிள்ளைகளுக்கு. பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடவலம் மாறித் தெரியும். இயேசு இடது கையால் ஆசீர்வதிப்பார், எழுத்துகள் திரும்பி ஓடும். நாங்கள் தனியாக இருந்ததில்லை. பல ஊர்களில் காலனி ஜனங்கள் முழுக்கப் பின்பக்கம்தான் உட்கார்ந்தார்கள். ஊர்த்தெருக்காரர்கள் முன்னால், இவர்கள் பின்னால். யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, திரை ஏறும்போதே மண்ணில் கோடு விழுந்துவிடும். காலனியிலேயே திரை கட்டினால் ஊர்க்காரர்கள் வர மாட்டார்கள் என்பதால் அப்பா பொதுவான மந்தையைத் தேடிப்பிடித்துக் கட்டினார். சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்டதைப் பற்றி நன்றாகப் பிரசங்கிப்பார். அந்தக் கோட்டைப் பற்றிப் பேசியதில்லை. பேசியிருந்தால் அந்த ஊரில் அடுத்த முறை மூங்கில் நட விட்டிருக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனாலும் பேசியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அதைச் சொல்லி அப்பாவிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

பெண்பிள்ளைக்கு வேனில் இருப்பது எப்படி என்று யாரும் எழுதுவதில்லை. விடிவதற்கு முன் ஒதுங்க வேண்டும், அதற்கு அம்மா டார்ச்சோடு கூட வர வேண்டும். குளியல் கிணற்றடியில், பாவாடையை மார்போடு கட்டிக்கொண்டு, வேடிக்கை பார்க்கும் முகங்களுக்கு நடுவே. பாஸ்டர் வீடுகளில் தங்கினால் கூடத்தில் படுக்கை. ஆனால் அங்கே முதலில் வசனம் சொல்லிக் காட்ட வேண்டும், பாட வேண்டும், நல்ல பிள்ளைகளாக இருக்க வேண்டும். பசித்தாலும் இரண்டாவது தடவை சோறு கேட்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. பத்துக் கட்டளைக்கும் மேலே அதுதான் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு வந்தபோது அம்மா முதல்முறையாக அப்பாவை எதிர்த்து நின்றாள். நான் நாசரேத்தில் ஆச்சி வீட்டில் விடப்பட்டேன்; அடுத்து தம்பி. பள்ளி திறந்திருக்கும்போது நாசரேத், லீவுக்கு வேன் என்று ஆயிற்று. ஆச்சி வீட்டில் முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல் தூங்கிப் பழக்கமில்லை.

அந்தக் காலத்திலேயே கூட்டம் கரையத் தொடங்கியிருந்தது. கேபிள் டிவி வந்த ஊர்களில் திரைக்கு முன்னால் கிழவிகளும் நாய்களும்தான். அப்பா அதனால் இன்னும் உள்ளே, பஸ் போகாத ஊர்களைத் தேடிப் போனார்.

2002 அக்டோபர் 5ஆம் தேதி தமிழ்நாடு அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. காலாண்டு லீவுக்கு வந்த நாங்கள் அப்போது வேனில்தான், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். டீக்கடையில் தினத்தந்தி வந்தது. அப்பா படித்து முடிப்பதற்குள் எங்களை அழைத்திருந்தவரே வந்துவிட்டார். முந்தின நாள் வரைக்கும் எங்களுக்குச் சோறு போட்ட மனிதர். வேனுக்கு வெளியே நின்று, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னைக்குப் படம் வேண்டாம். இருட்டுறதுக்குள்ள கிளம்பிட்டா நல்லது" என்றார். அம்மாவைப் பார்க்காமல் பேசினார். அவர் மனைவி மட்டும் பின்னாலேயே வந்து ஒரு சட்டி நிறையக் குழம்பை வேனுக்குள் வைத்துவிட்டுப் போனாள்.

கிளம்புவதற்கு முன் அப்பாவைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அடிக்கவில்லை, வையவும் இல்லை. யாரையும் மதம் மாற்றவில்லை, இனி இந்தப் பக்கம் கூட்டம் போட மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். அதற்கு மாலை வரை ஆனது. நாங்கள் வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தோம். "பிள்ளைகளுக்கு லீவா?" என்று ஏட்டையா ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். அவ்வளவு நேரம் கல்லாக இருந்த அம்மா அதற்குத்தான் அழுதாள்.

பலவந்தம், ஆசைகாட்டல், ஏமாற்று ஆகியவற்றால் மதம் மாற்றினால் 3 ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். மாறுகிறவர் பெண், சிறுவர், தலித் அல்லது பழங்குடியினர் என்றால் 4 ஆண்டு, 1 லட்சம். அம்மா அதைப் பேப்பரில் இரண்டு முறை படித்தாள். "நம்ம கூட்டத்துல வேற யாரு வந்திருக்கா?" என்றாள். பணமோ பொருளோ கொடுப்பது ஆசைகாட்டல் என்றது சட்டம். நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அரிசி கொடுத்தவர்கள் அவர்கள், மண்ணெண்ணெய் ஊற்றியவர்கள் அவர்கள், குழம்பு வைத்தவர்கள் அவர்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அம்மா கொடுத்த ஆரஞ்சு மிட்டாய்தான் எங்கள் பக்கக் கணக்கு. சில ஊழியக்காரர்கள் பணத்தையும் பயத்தையும் காட்டி ஆள் சேர்த்ததில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வியாதியை வைத்து மிரட்டிய பிரசங்கங்களை நானே கேட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் மருந்து இந்தச் சட்டமில்லை. எந்தக் கடவுளைக் கும்பிடுவது என்று முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று பெண்களையும் தலித்துகளையும் அது கணக்கில் வைத்திருந்தது. ஆச்சி உயிரோடு இருக்கும்வரை அந்த வரியை மன்னிக்கவில்லை.

அந்த அக்டோபர் 24 அன்று சிறுபான்மையினர் பள்ளி கல்லூரிகள் எதிர்ப்பாக மூடப்பட்டன. எங்கள் பள்ளியும் மூடியது. தோழிகளுக்கு அது ஒரு லீவு. மாதக் கடைசியில் அவசரச் சட்டம் முழுச் சட்டமானது. வேன் ஆச்சி வீட்டு வேப்பமரத்தடியில் நின்றது. மணியார்டர் அனுப்பியவர்கள் தங்கள் பெயர் எங்கும் வர வேண்டாம் என்று சொல்லி நிறுத்தினார்கள். அப்பா முப்பது மைல் சுற்றளவில் பம்ப் செட் பழுது பார்க்கப் போனார். அம்மா தையல் மெஷின் வாங்கினாள். சொன்னால் அப்பாவுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் மாதச் சாமான் ஒரே நேரத்தில் வாங்கியது அந்தக் காலத்தில்தான்.

2004 நாடாளுமன்றத் தேர்தலில், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுங்கட்சி தமிழ்நாட்டில் ஓர் இடமும் பெறவில்லை. மே மாதமே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அப்பா வேனுக்கு பேட்டரி மாற்றினார். கிறிஸ்துமஸ் ஊழியத்துக்கு ஊர்கள் ஒப்புக்கொண்டிருந்தன.

டிசம்பர் 26, ஞாயிறு. சுனாமி வந்த நாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்றார்கள். அப்பா புரொஜெக்டரையும் பிலிம் பெட்டிகளையும் வீட்டில் இறக்கிவிட்டு, ஜெனரேட்டரையும் மைக் செட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு குளச்சல் பக்கம் கிளம்பினார். அம்மா கேட்காமலேயே வேனில் ஏறினாள், நானும் ஏறினேன். மணக்குடியில் பாலம் போயிருந்தது. கொட்டில்பாட்டில் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. முகாமில் எங்கள் ஜெனரேட்டரில் விளக்கு எரிந்தது. எங்கள் குழாய் ஸ்பீக்கரில் காணாமல் போனவர்களின் பெயர்களை ராத்திரி முழுக்க வாசித்தார்கள். தொண்டை கட்டியதும் மைக் கை மாறியது. ஒரு கன்னியாஸ்திரீ, ஒரு கல்லூரி மாணவன், நான், அப்பா. அந்த ஜனங்கள் கத்தோலிக்கர்கள். மாதாவைக் கும்பிடுவது பற்றி அப்பாவுக்கு ஒரு தனிப் பிரசங்கமே உண்டு. அங்கே இருந்தவரை அப்பா பெயர்களைத் தவிர வேறு எதையும் மைக்கில் சொல்லவில்லை. என் கணக்கில் அவர் செய்த ஊழியத்தில் அதுதான் சிறந்தது.

அதன் பிறகு படம் காட்டுவது தானாக நின்றது. இப்போது அதே படம் எல்லார் கைபேசியிலும் இருக்கிறது, மண்ணெண்ணெய் கேட்பதில்லை. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வூதியம் இல்லை, வருங்கால வைப்பு நிதியை மில்லை விட்டபோதே எடுத்துச் செலவழித்தாயிற்று. மருந்துச் செலவை நானும் தம்பியும் பகிர்ந்துகொள்கிறோம்.

இதைப் படிக்கிறவர்களில் சபை கமிட்டியில் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊருக்கு ஓர் ஊழியக்காரர் குடும்பத்தோடு வந்தால், காணிக்கைக் கவரை அவர் கையில் கொடுக்காமல் அந்த அம்மாவின் கையில் கொடுங்கள். பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள், பதில் வரத் தாமதமானால் ஃபீஸுக்கு வழி செய்யுங்கள். வசனம் சொல்லச் சொல்லாதீர்கள். இரண்டாவது தடவை சோறு போடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றாலும்.